நான்காவது பாஸ்புக்

எங்கள் நிதி நிறுவனத்தின் ஒன்பதாவது விதி இது: “ஒருவர் பொறுப்பில் பல சேமிப்புக் கணக்குகள் இருந்து, அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் ஐயம் எழுந்தால், ஐயமில்லாத மற்றவற்றின் தொகையை முதிர்வு நாளிலேயே வழங்கக் கிளைப் பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் உண்டு.”

வேலைக்குச் சேர்ந்த வருடம் வைத்த விதிப் பரீட்சையில் இதை ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். இந்த விதி எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு முறை. அன்றைக்கு அது நன்றாக நினைவிலும் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

புதிதாகக் கவுண்டரில் உட்காரப் போகிற உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகத் தாங்கள் பிடித்த மோசடிகளைப் பற்றி எழுதுவார்கள். நானும் இரண்டு மூன்று பிடித்திருக்கிறேன். என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அவற்றைப் பிடித்திருப்பார்கள். நானே தனியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருடத்தில் எங்கள் நிதி ‘மாதச் சேமிப்பு’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் மூன்று ரூபாய், முப்பத்தாறு மாதம். வேறு எந்தக் கணக்குக்கும் இல்லாத வட்டி. ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினால் கடைசியில் போனஸ். துறைமுகக் கூலிகளையும் மீன்காரப் பெண்களையும் மனதில் வைத்துச் செய்த திட்டம். பணக்காரர்கள் புகுந்து வட்டியை அள்ளிவிடக் கூடாது என்று இரண்டு வேலி போட்டார்கள். மூன்று ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே புத்தகம். வேலி போட்ட மறுமாதமே மரம் விற்கும் ராயபுரத்து மரவாடிக்காரர் ஒருவர் தம் பெயரிலும் மனைவி, மக்கள், மருமக்கள் பெயரிலுமாகப் பதினொரு புத்தகம் தொடங்கினார். எல்லாம் விதிப்படி சரியாக இருந்தது. அந்தப் பதினொன்றும் பிறகு ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், எந்தக் கேள்வியும் இல்லாமல் பட்டுவாடா ஆயின.

நான் அப்போது திருவொற்றியூர்க் கிளைக்குப் பொறுப்பாளர். வயது இருபத்தொன்பது. கிளையில் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவர் காசாளர் கரீம் பாய். தண்டையார்பேட்டைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எனக்குத் தெரிந்த விதிகளில் பாதிகூட அவருக்குத் தெரியாது. அதை ஒரு குறையாக அந்த நாளில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரவாடிக்காரர் செய்ததை ஏழைகளும் செய்யட்டுமே என்று எனக்கு ஓர் எண்ணம். நல்ல எண்ணம்தான். புதுப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் கிளையின் பெயரில் ஒரு மதிப்பு ஏறும், அது பதவி உயர்வுக்கு உதவும் என்பதும் உண்மை. ஓர் அட்டையில் என் அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினேன். ஐந்தாம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டி முழுவதும் கிடைக்கும். குடும்பத்தில் ஆளுக்கொரு புத்தகம் தொடங்கலாம். குழந்தைகள் பெயரில் பெற்றவர் பொறுப்பாளராக இருந்து கட்டலாம். வருடத்துக்கு ஒன்றாகத் தொடங்கினால் வருடந்தோறும் ஒன்று முதிரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் பெரிய தொகை ஒரே நாளில் கைக்கு வரும். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டினேன்.

பவுனம்மாவுக்கு அப்படித்தான் படித்துக் காட்டினேன்.

நெட்டுக்குப்பத்துக்குத் தெற்கே இருந்த ஒரு சின்னக் குப்பத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவன் விட்டுப்போன கட்டுமரமும் வலையும் இருந்தன. மகன் வளர்ந்து அதை எடுக்கும் வரை மச்சான் முறைக்காரன் ஒருவன் அதில் போய் வந்து பங்கு கொடுத்தான். அவள் காலை ரயிலில் ராயபுரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்றுவிட்டு, திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கி எங்கள் கிளைக்கு வருவாள். முதல் நாள் பன்னிரண்டு ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து வைத்தாள். மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதைத் திருப்பித் தள்ளினேன்.

“இன்னா சாமி, மூணுக்கு மேல வாங்க மாட்டியா? என் துட்டு கடிக்குதா?”

“ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம், மாசம் மூணு ரூபாய். அதுதாம்மா விதி.”

“அப்போ இன்னும் மூணு ஆளுக்கு நான் எங்க போவேன்?”

கரீம் பாய் நோட்டுகளை விசிறியபடி, “வூட்ல பசங்க கீதுல்ல? அதுங்க பேர்ல போடு பவுனு,” என்றார். என் அட்டையை அவர் சொந்த யோசனைபோல் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நான் விண்ணப்பத் தாள்களை எடுத்தேன்.

“கொழந்தைங்க எத்தனை பேரும்மா?”

“மூணு பேரு சாமி. பெரியவ தனபாக்கியம். அப்பறம் பையன் ஏழுமலை. சின்னது கோவிந்தம்மா.”

“பெரியவளுக்கு வயசு?”

“பன்னெண்டு.”

“பையனுக்கு?”

“அவனுக்கும் பதிமூணு ஆவப் போவுது.”

பெரியவளைவிடத் தம்பிக்கு வயது அதிகமாக இருந்தது. அது என் காதில் விழுந்தது. எழுத்தறிவில்லாதவர்களின் வயதுக் கணக்கு இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையனுக்குப் பதினொன்று என்று திருத்தி எழுதினேன். எனக்குத் தெரியாததையும் சேர்த்து எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஒவ்வொரு விண்ணப்பத்தின் அடியிலும் ஒரு சான்றிதழ் வரி உண்டு: “மேற்படி மைனர் உயிருடன் இருப்பதை நான் விசாரித்து அறிந்தேன்.” மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். அந்த வரிக்காக யாரும் எங்கேயும் போய் விசாரித்ததில்லை. நீங்களும் போக மாட்டீர்கள்.

மூன்று வருடம் அவள் கட்டினாள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கு முன்பு வந்துவிடுவாள். நான்கு புத்தகங்களையும் மெழுகுத் துணியிலிருந்து எடுத்துக் கவுண்டரில் அடுக்குவாள். பெரிய மகளுடையது எப்போதும் மேலே இருக்கும், அதற்குத்தான் முதலில் மூன்று ரூபாய் வைப்பாள். காசெல்லாம் ஈரமாக இருக்கும்.

“பவுனு, துட்ட காய வெச்சி எடுத்தாரக் கூடாதா? லெட்ஜரே கருவாடா பூடுச்சி,” என்பார் பாய்.

“எண்றப்ப நாறலியே பாய். வெச்சி பூட்றப்பதான் நாறுதா?”

ஒரு கார்த்திகையில் புயலடித்து இரண்டு வாரம் யாரும் கடலுக்குப் போகவில்லை. ஐந்தாம் தேதி காலையில் மூன்று ரூபாயோடு மட்டும் வந்தாள். பெரியவள் புத்தகத்தில் வைத்துக்கொண்டு போனாள். மற்ற மூன்றுக்கும் போனஸ் போயிற்று என்று நான் வருத்தத்தோடு சொன்னேன். வருத்தப்படுவதற்கு எனக்குச் செலவில்லை. கணக்கை மூடும் நேரத்தில் மறுபடியும் வந்து ஒன்பது ரூபாய் வைத்தாள். வீட்டிலிருந்த பித்தளை அண்டாவை விற்றிருந்தாள்.

“அவுளுக்குக் கட்டிட்டு இதுங்களுக்குக் கட்டாம பூட்டா, அவ என்ன சும்மா வுடுவாளா சாமி,” என்றாள். பெரிய பெண் வீட்டில் கொஞ்சம் அதிகாரக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொடங்கும்போது அவளுக்கு இருந்த ஆசை, கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடுவது. மூன்றாவது வருடத்தில் கூரையே இருக்காது என்று ஆகிவிட்டது. குப்பம் இருந்த மணல்மேட்டை ஒரு கம்பெனி வாங்கியது. குடியிருந்தவர்களுக்குப் பதிலாக இரண்டு இடத்தில் மனை பிரித்தார்கள். கரையை ஒட்டி ஒரு வரிசை. மற்றதெல்லாம் தண்டவாளத்துக்கு மேற்கே, கடலிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி. மேற்கே உள்ள மனை இலவசம். கரை மனை நானூற்றைம்பது ரூபாய், ஒரே தவணையில், பங்குனி உத்திரத்துக்குள். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது என்று பஞ்சாயத்தார் தண்டோரா போட்டுவிட்டார்கள்.

கடலை அறியாதவர்களுக்கு ஒன்றரை மைல் பெரிதாகத் தெரியாது. கட்டுமரத்தை இழுத்துப் போட்ட இடத்தில் ஒரு கண் இருக்க வேண்டும். வலையை உலர்த்த வேண்டும், காக்க வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து விடியற்காலையில் ஓடி இறங்க வேண்டும். கரையில் வீடில்லாதவன் இரண்டு வருடத்தில் கடலை விட்டுவிடுவான். பவுனம்மா இதை எனக்கு விளக்கவில்லை. “பையன் இந்த வருசந்தான் அவங்கப்பன் மரத்துல ஏறினான் சாமி,” என்று மட்டும் சொன்னாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தகம் ஒன்றுக்கு அசல் நூற்றெட்டு, வட்டியும் போனஸும் சேர்த்து நூற்றிருபது. நாலு புத்தகத்துக்கு நானூற்றெண்பது. மனைக்குப் போக முப்பது ரூபாய் மிஞ்சும். முதிர்வு மார்ச் முதல் வாரம், கெடு மார்ச் கடைசி வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கச் சொன்னவன் நான்தான் என்று அவளுக்கு நினைவூட்டினேன். அவள் கும்பிட்டாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

முதிரும்போது பத்து வயதுக்கு மேற்பட்ட மைனர்களை நேரில் காட்ட வேண்டும் என்பது இருபத்திரண்டாம் விதி. மூன்று பேரையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். மகன் வந்தான், பதினாறு வயது, வெயிலில் கறுத்த தோள். சின்னப் பெண் வந்தாள். பவுனம்மா இடுப்பில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

“பெரியவ எங்கேம்மா?”

“தோ, இட்டாந்தேனே சாமி.”

பெட்டியைக் கவுண்டரில் வைத்துத் திறந்தாள். மடித்த மஞ்சள் சேலை ஒன்று, ஒரு கை கண்ணாடி வளையல், மஞ்சள் கிழங்கு, காய்ந்த பூ. சிறு பெண்ணுக்கான அளவு வளையல்கள்.

வயதுக்கு வராமலோ கல்யாணமாகாமலோ இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கிப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் உள்ளது. சேலை எடுத்து வைப்பார்கள், நல்லது கெட்டதுக்கு அவளிடம் சொல்லாமல் செய்ய மாட்டார்கள். எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் அவளையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். என் தாயார் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தது. என் தாயாரும் தமக்கு அக்கா ஒருத்தி இருப்பதாகத்தான் சொல்லுவார். ஆகவே இது எனக்குப் புரியாத விஷயம் இல்லை.

“எப்பம்மா இது?”

“புக்கு போட்றதுக்கு ரெண்டு வருசம் முன்ன. வாந்திபேதி வந்துச்சே, அப்போ. பன்னெண்டு வயசு.”

“செத்துப்போனவ பேருல கணக்கு ஆரம்பிக்கலாமாம்மா?”

“நீ பசங்க எத்தினின்னு கேட்ட, சொன்னேன். செத்ததா கீதான்னு நீ கேக்கலியே சாமி.” அதில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என் கைய நானே நம்ப மாட்டேன். மீன் படாத மாசத்துல எல்லாத்தையும் ஒடைச்சி சோறு துன்னிருப்பேன். அவ துட்டுல கை வெக்க முடியுமா? அவுளுக்குக் கட்றதுக்கு வர்றேன், வந்ததுக்கு இதுங்களுக்கும் கட்டிட்டு போறேன். அப்டித்தான் மூணு வருசம் ஓடிச்சி,” என்றாள்.

பல கணக்குகளை வைத்து எப்படிப் பயன்பெறலாம் என்று நான் எழுதி மாட்டிய அட்டையில் இது இல்லை. அந்தக் கிளையில் மூன்று வருடம் ஒரு தவணையும் தவறாமல் கட்டிய புத்தகங்கள் மொத்தமே பத்துக்குள்தான் இருக்கும். அதில் நான்கு இவளுடையது. நான்கையும் இழுத்துக்கொண்டு வந்தது இறந்துபோன அந்தப் பெண்.

பாய் வரிசையைப் பார்த்தார். நாலாவதாக ஒருத்தி தன் மகளோடு நின்றாள். என் காதருகே வந்து, “அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு இருக்கும் சார். கூப்ட்டு ஒரு ரேகை உருட்டு. முட்ஞ்சிது வேல. எவன் பாக்கப் போறான்?” என்றார்.

பவுனம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “வேணாம் பாய். அவ பேருக்கு இன்னொருத்தி கை வெக்கக் கூடாது.”

“அப்ப மூணு புக்குக்கு குடு சார். நாலாவது நிக்கட்டும். தொண்ணூறு ரூபாதான் கொறையும். கம்மல வெச்சா அம்பது தேறும், மீதிய நான் பாத்துக்கிறேன்.”

அவருக்கு ஒன்பதாம் விதி தெரியாது. ஆனால் அதை அப்படியே சொன்னார். எனக்கும் அதுதான் மனதில் ஓடியது. மூன்று வவுச்சர்களையும் எழுதினேன். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட்டேன். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தனபாக்கியத்தின் விண்ணப்பம் என் கையடியில் இருந்தது. “உயிருடன் இருப்பதை நான் விசாரித்து அறிந்தேன்.” கீழே என் கையெழுத்து. போன மாதம்தான் தணிக்கையாளர் வந்து போயிருந்தார். இந்த ஒரு தாளை யாராவது எடுத்துப் பார்த்தால் என்று நினைத்தேன். மேலிடத்துக்கு நானே முதலில் எழுதிவிட்டால் மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது என்றும் நினைத்தேன். நான்கையும் சேர்த்து எழுதினால் இன்னும் பாதுகாப்பு என்று பட்டது. இந்த மூன்று நினைப்புக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பேனாவை மூடினேன்.

“நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்ட கணக்கும்மா. மேலே எழுதிக் கேட்டுடறேன். ஒரு வாரத்துல பதில் வந்துடும்.”

“ஒரு வாரந்தானே? சரி சாமி. உத்திரத்துக்கு இன்னும் நாளு கீது.” பெட்டியை மூடி இடுப்பில் எடுத்துக்கொண்டாள். மகன் வவுச்சர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் படிக்கத் தெரியாதவன். ஆனால் அவற்றை நான் இழுப்பறைக்குள் போட்டதைப் பார்த்தான்.

பாய் அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எதுக்கு சார் எழுதின?”

தலைமை அலுவலகம் ராயபுரத்தில் இருந்தது. ரயிலில் அரை மணி நேரம். நேரில் போய்க் கேட்டிருக்கலாம். முன் அனுமதி இல்லாமல் கிளைப் பொறுப்பாளர் தலைமை அலுவலகத்துக்கு வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆகவே அனுமதி கேட்டு எழுதினேன். அதற்கு வந்த பதில், எந்தப் பொருள் குறித்து வர விரும்புகிறீர்கள் என்று தெரிவிக்கவும் என்பது. என் முதல் கடிதத்துக்கு வந்தது ஒரு கேள்வி: மைனர் இறந்தது கணக்கு தொடங்குவதற்கு முன்பா, பின்பா? அதைக் கடிதத்தின் இரண்டாம் வரியிலேயே எழுதியிருந்தேன். மறுபடி எழுதினேன். அடுத்து இறப்புப் பதிவின் நகல் கேட்டார்கள். அந்த வாந்திபேதியில் குப்பத்தில் செத்தவர்களைக் கிராமக் கணக்கில் யாரும் பெயர் போட்டுப் பதியவில்லை. ‘பெண் குழந்தைகள், நான்கு’ என்று இருந்தது. அந்த நான்கில் தனபாக்கியம் உண்டா என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பவுனம்மா தினமும் வந்தாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

“லெட்டரு வந்துச்சா சாமி? தபால்காரன் வூட்டுக்கு நாலு வஞ்சிரம் அனுப்பட்டா?”

பிறகு கேட்காமல் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். உத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கவுண்டருக்கு வந்தாள். காதில் கம்மல் இல்லை. அதை ஏற்கெனவே அடகு வைத்திருந்தாள்.

“மூணு புக்காவது குடு சாமி. பெரியவளுது அப்பறம் பாத்துக்கலாம்.”

“நாலுக்கும் சேத்துக் கேட்டாச்சும்மா. இப்ப மூணைக் குடுத்தா, மேலிடத்துப் பதிலை மீறினதா ஆயிடும்.”

“பதிலே வரலியே சாமி. வராதத எப்டி மீறுவ?”

பாய் எழுந்து வெளியே போய்விட்டார். என் சொந்தக் கணக்கில் அப்போது இருநூற்றுச் சொச்சம் இருந்தது. ஊழியர்கள் உறுப்பினர்களுடன் பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது என்பது முப்பத்தொன்றாம் விதி. அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை பாய் தம்மிடமிருந்த நாற்பது ரூபாயை அவளிடம் கொடுத்தார் என்பது பிறகு தெரிந்தது. கம்மலும் நாற்பதும் சேர்ந்து தொண்ணூறு. மூன்று புத்தகத்தின் முந்நூற்றறுபது இருந்திருந்தால் மனைக்குச் சரியாக இருந்திருக்கும். உத்திரம் முடிந்த மறுநாள் அந்த நாற்பதையும் அவள் கொண்டுவந்து பாயிடம் வைத்துவிட்டுப் போனாள்.

கரை வரிசையில் பணம் கட்டாத மனைகளை ராயபுரத்து மீன் வியாபாரி ஒருவர் வாங்கினார். பவுனம்மாவுக்குத் தண்டவாளத்துக்கு மேற்கே மனை. இரண்டு மாதத்தில் கட்டுமரத்தின் நடுக்கட்டை களவு போயிற்று. மீதியை விறகு விலைக்கு விற்றார்கள். ஏழுமலை கம்பெனியில் மூட்டை தூக்கப் போனான். அவன் மூட்டை இறக்கிய கிடங்கு அவர்கள் குடிசை இருந்த அதே மணல்மேட்டில் எழும்பியது. இதெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொண்டதல்ல. பாய் தம்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே நோட்டு எண்ணுவார். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டார். முன்பெல்லாம் பதினொரு மணி டீயை இரண்டு கிளாஸில் வாங்குவார். அதற்குப் பிறகு ஒன்றுதான் வாங்கினார்.

ஐப்பசியில் ஒரு நாள் ரயிலில் அவளைப் பார்த்தேன். கூடை இல்லை. வீட்டு வேலைக்கு வண்ணாரப்பேட்டை போய்க்கொண்டிருந்தாள். எழுந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

“பதிலு வந்துச்சா சாமி?”

“இன்னும் இல்லம்மா.”

“பணத்துக்குக் கேக்கல. அவ கீறாளா இல்லியான்னு அவுங்க இன்னும் சொல்லலியான்னு கேட்டேன்.”

பிற்பாடு பணம் கொடுக்க உத்தரவானபோது அவள் வந்து மூன்று புத்தகங்களுக்கு மட்டும் ரேகை வைத்து வாங்கிக்கொண்டாள். நாலாவதை எடுக்கவில்லை. “அது அவுளுது,” என்று மட்டும் சொன்னாள். தனபாக்கியத்தின் நூற்றிருபது ரூபாய் கோரப்படாத தொகைகளின் பேரேட்டில் இன்றும் இருக்கிறது. வருட முடிவில் உங்களில் யாராவது அந்தப் பேரேட்டை எடுத்து எழுதும்போது அந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். மைனர் என்றுதான் போட்டிருக்கும்.

எதையும் எழுதிக் கேட்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதில் உங்களுக்கே தெரிந்த கேள்வியை எழுதுவதற்கு முன், அதை யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று அரை நிமிடம் யோசியுங்கள். அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைத்தது. அதில் நான் செய்தது என்னவென்று சொல்லிவிட்டேன்.

மேலிடத்துப் பதில் எட்டு வரி. இறந்த மைனருக்கு இருபத்திரண்டாம் விதி பொருந்தாது. அவருடைய தொகை பொறுப்பாளரான தாயாருக்கே சேரும். நான்கு கணக்குகளையும் பட்டுவாடா செய்யலாம். முதிர்வு நாளுக்குப் பிந்திய காலத்துக்கு வட்டி கிடையாது. கடைசி இரண்டு வரி எனக்கு: ஒன்பதாம் விதிப்படி மூன்று கணக்குகளை முதிர்வு நாளிலேயே வழங்கக் கிளைப் பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் இருந்தும், இந்தத் தேவையற்ற கடிதப் போக்குவரத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கு அவர் விளக்கம் தர வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த தபாலில் அது இருந்தது. பாய் உறையைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்தார். படித்துவிட்டு, ‘பெறப்பட்டது’ என்ற முத்திரையை நானே குத்தி, நடுவில் தேதியை எழுதினேன்: 19 ஜனவரி 1954.